கார் விற்பனைக்கு இல்லை

கிளப் நண்பர்களே, மதியம் இந்தப் பலகையில் நான் ஒட்டிய விற்பனைச் சீட்டை மறந்துவிடுங்கள். என் ஸ்போர்ட்ஸ் காரை விற்கவில்லை.

போன வாரம் பிரேக் பிடிக்காமல் அது குவார்ட்டர்ஸ் வேலிக்குள் புகுந்தது. "ஒண்ணு பிரேக் சரியாகணும், இல்ல காரே வேணாம்" என்று மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

முன்சக்கரங்களுக்குப் பெரிய பிரேக் காலிப்பர்கள் வாங்கி, பக்கத்து ஊர் வடக்குத்து மெக்கானிக் ஏழுமலையும் நானுமாக மாட்டினோம். பிரேக் ஆயில் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பெடல் தரைவரை போனது.

"காலைலேர்ந்து மிதிச்சிக்கினே இருக்கேன் சார், என் காலுதான் வீங்குது" என்றார் ஏழுமலை. அப்போதுதான் அந்தச் சீட்டை எழுதினேன்.

மாலையில் காரை வாங்க வந்தவர் சண்முகம். எனக்கு வரவேண்டிய புரமோஷனை வாங்கிய அதே சண்முகம். ஒன்பது வருடமாக நான் அவரோடு பேசுவதில்லை.

குனிந்து பார்த்தார். "சார், இடது வலது மாத்தி மாட்டிட்டீங்க. ஏர் எடுக்கிற திருகு கீழே இருக்கு. காத்து மேலேதானே நிக்கும்?"

"சாருதாங்க இதான் ரைட்டுன்னாரு" என்று என்னைக் காட்டினார் ஏழுமலை.

மாற்றி மாட்டினோம். பெடல் கல் மாதிரி நின்றது. ஓட்டிப் பார்த்தபோது, குவார்ட்டர்ஸ் பிளாக் மூலையில் படுத்திருந்த மாட்டுக்கு நாலடி முன்னால் கார் நின்றது. மாடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சொல்லாம இருந்தா கார் உங்களுக்குச் சல்லிசா கிடைச்சிருக்குமே?" என்றேன்.

"கிடைச்சிருக்கும். இன்னும் ஒன்பது வருஷம் பேச மாட்டீங்களே!"

நிம்மதிதான். ஆனால் புரமோஷனை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்காமலே நன்றி சொல்வது எப்படி? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.