டாலா கரைப் படகுக்கு ஒரு ஏரியல்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் தம்பி பேசுவது கையால். பிறவியிலேயே அவனுக்குக் காது கேட்காது. முறையாகச் சொல்லிக்கொடுக்கும் சைகை மொழி எதுவும் அவனுக்குத் தெரியாது. அதற்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருக்கும் என்றே அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. சின்ன வயதில் ரங்கூன் ஆற்றங்கரையில் விளையாடியபடியே நாங்கள் இரண்டு பேரும் உண்டாக்கிக்கொண்டதுதான் அவன் பாஷை. மூக்கை நிமிண்டினால் அப்பா. இரண்டு விரலால் கன்னத்தைத் தேய்த்தால் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய பெண், அதாவது நான். உள்ளங்கையைக் கவிழ்த்து நீட்டி, மணிக்கட்டை மெல்லத் திருப்பி மலர்த்தினால், ஆற்றில் ஓட்டம் திரும்பிவிட்டது என்று அர்த்தம். கடல் ஏறி ஆறு பின்னோக்கி ஓடத் தொடங்கும் அந்த நிமிஷத்தை எப்போதும் அவன்தான் முதலில் கண்டுபிடிப்பான். கையைத் திருப்பிக் காட்டிவிட்டு, தானே ஆற்றைத் திருப்பிவிட்ட மாதிரி நிமிர்ந்து நிற்பான். அந்தப் பாஷை தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் மொத்தம் இரண்டே பேர்.

அந்தத் தம்பி இப்போது பினாங்கில் ஒரு மரச்சாமான் பட்டறையில் வேலை செய்கிறான். நானும் என் வீட்டுக்காரரும் ரங்கூன் நகருக்கு எதிரே, ஆற்றின் டாலா கரையோரம் நங்கூரம் போட்ட மரப்படகில் குடியிருக்கிறோம். அவர் அதில் அரிசியும் கீற்றும் ஏற்றி ஓட்டுபவர். நகரத்துப் பக்கம் லத்தாவில் நாங்கள் இருந்த கட்டிடத்தை இடித்தபோது, "கொஞ்ச நாளைக்குப் படகிலயே இருப்போம் புள்ள" என்றார். அந்தக் கொஞ்ச நாளுக்கு ஆறு வருஷமாகிறது. இப்போதெல்லாம் டீசல் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதால், மாதத்தில் பாதி நாள் படகு நகராமல் நிற்கிறது. சமையல், துவையல், சண்டை எல்லாம் தண்ணீர் மேல்தான்.

போன மழை முடிந்த சமயம் தம்பியின் வலது மணிக்கட்டில் ஒரு கட்டி கிளம்பியது. பட்டறை முதலாளி நல்ல மனுஷன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். யாரோ புரியவைக்கிறேன் என்று, கத்தியால் மணிக்கட்டின் குறுக்கே அறுப்பதுபோல் அவனுக்குச் சைகை காட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதான். கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியை விட்டே ஓடிவிட்டான். கையை வெட்டப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டான். அவனுக்குக் கை போனால் பேச்சு போச்சு.

டாக்டரம்மா தமிழ் பேசுபவர். எனக்குப் போன் செய்து பொறுமையாகச் சொன்னார்: "கட்டி நரம்ப அழுத்துதும்மா. இப்ப எடுத்துட்டா கை பழையபடி ஆயிரும். விட்டா கொஞ்சங்கொஞ்சமா விரலே வேலை செய்யாது. அவர்கிட்ட நீங்கதான் சொல்லணும். முதலாளிகிட்டச் சொல்லி அவரை வரவச்சு, எதிர்ல உக்காத்தி வச்சிட்டு நான் கூப்பிடறேன்."

சொல்லலாம். எப்படிச் சொல்வது? படகுக்குள் என் போனில் குரல் வரும், படம் ஒழுங்காக வராது. தம்பி கையைத் தூக்குவான், அப்படியே உறைந்துவிடுவான். பாதி வார்த்தை அந்தரத்தில் நிற்கும். ஒருநாள் அக்கரையில் கியாக்டடாவுக்குப் போய், டீக்கடையில் உட்கார்ந்து பேசிப்பார்த்தேன். நான் கையை ஆட்ட ஆட்ட, டீ குடிக்க வந்தவர்கள் எல்லாம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர்களைப் பார்த்த தம்பி வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொண்டு துண்டித்துவிட்டான். போதாததற்கு ஊரில் கரண்டு போனால் கொஞ்ச நேரத்தில் இன்டர்நெட்டும் தவழ ஆரம்பித்துவிடும். எங்கள் படகிலேயே, எங்கள் இருவருக்கு மட்டுமாக, அவன் முகம் முழுசாகத் தெரிந்தாக வேண்டும். வேறு வழி இல்லை.

லத்தாவில் ஒரு போன் கடை. கடைக்காரர் தமிழ் பாய். நான் லத்தாவில் இருந்த காலத்திலிருந்தே பழக்கம். கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். சட்டைப் பையில் போடுகிற குட்டி வைஃபை பெட்டி ஒன்று. காளான் மாதிரி ஒரு வெள்ளை ஏரியல், அது எல்லாப் பக்கமும் பார்க்குமாம், ஆனால் தூரம் பார்க்காதாம். கடைசியில் மீன்முள் போல ஒரு நீளக் கம்பி ஏரியலும், சிம் போடுகிற பெரிய ரவுட்டரும்.

"அக்கா, உங்க படகு மேல தகரக் கூரை. உள்ள எந்தப் பெட்டிய வச்சாலும் அது குருடுதான். ஏரியல் வெளிய வரணும். இந்த மீன்முள்ளு ஒரே பக்கந்தான் பாக்கும், ஆனா ஆறு தாண்டிப் பாக்கும். சூலே பயா கோபுரத்துக்கு ஒரு கை எடப்பக்கம், உச்சியில செவப்பு வெளக்கு இருக்கற கட்டடம், டவர் அதுமேலதான். மூஞ்சிய அதுக்கு நேரா வச்சிருங்க. வீடு மாதிரி அசையாம முறுக்கிருங்க, அவ்வளவுதான்."

ரவுட்டர் பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும், எங்கள் சோலார் பேட்டரியே போதும் என்றார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனாலும் வீட்டுக்காரர் மறுநாள் காலையில் கூரைமேல் ஏறி, சிவப்பு விளக்குக் கட்டிடத்தைப் பார்த்து மீன்முள்ளை இறுக்கி முறுக்கினார். நான் உள்ளே போனைத் தட்டினேன்.

அம்மாடி! தம்பியின் முகம் வந்தது பாருங்கள், புருவத்து மயிர்கூட எண்ணிவிடலாம். அவன் கையைத் தூக்கினான், தூக்கிய வேகத்திலேயே கை கீழே இறங்கியது. நடுவில் எங்கும் நிற்கவில்லை. இந்தப் பக்கம் சேறு நாறும் ஆறு, கொக்கு, எங்கள் கருவாட்டுக் கொடி. அந்தப் பக்கம் கடல் தாண்டி ஒரு தீவில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை. நடுவில் ஒரு கயிறுகூட இல்லை. வெறும் காற்று! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மேலே பார்த்துக் கும்பிட்டேன். கூரையில் நின்ற வீட்டுக்காரர் தன்னைத்தான் கும்பிடுகிறேன் என்று நினைத்து, "சரி சரி, டீ போடு" என்றார்.

மத்தியானம் படம் போய்விட்டது.

ஊரில் கரண்டு இல்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலை ஒழுங்காக வந்தது. பகலில் மறுபடி போனது. அதற்கடுத்த நாள் காலையிலேயே கொஞ்ச நேரத்துக்கு வரவில்லை. சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். ரவுட்டரைத் தட்டினேன். பேட்டரியைத் திட்டினேன். டாக்டரம்மா கூப்பிடுவதாகச் சொன்ன புதன்கிழமைக்கு நாலு நாள்தான் இருந்தது. ஆற்றைத் தாண்டிப் போய்க் கடையில் நின்று, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டேன். "ஓட்டைப் பெட்டிய என் தலையில கட்டிட்டீங்களா பாய்?"

பாவம் மனுஷன். கடையை மகளிடம் விட்டுவிட்டு என்னோடு கிளம்பி வந்துவிட்டார். துடுப்புப் போடும் சின்னச் சம்பானில் ஏறியதிலிருந்து இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். எங்கள் படகுக்கு வந்து சேர்ந்ததும் கூரையில் எல்லாவற்றையும் பார்த்தார். எந்தக் குறையும் இல்லை. படமும் அப்போது அழகாக வந்துகொண்டிருந்தது. எனக்கு முகம் சிறுத்துவிட்டது. டீயாவது குடித்துவிட்டுப் போங்கள் என்று வலப்பக்கத்து ஜன்னலோரம் உட்காரவைத்தேன். எதிரே சூலே பயா பொன்னாக மின்னிக்கொண்டிருந்தது.

டீ பாதி கோப்பை இருக்கும். அவர் குடிப்பதை நிறுத்திவிட்டார். கண் பெரிதாகியது.

"யா அல்லா! அக்கா, பயா போகுது!"

"எங்க போகுது?"

"நகந்து போகுதுக்கா! ஊரே நகருது!"

நான் அடுப்பைப் பார்த்தபடியே, "ஆமா, சாயங்காலம் திரும்பி வந்துரும், நீங்க டீயக் குடிங்க" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. கரண்டியோடு அப்படியே நின்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரரும் சோற்றுக் கையோடு என்னைப் பார்த்தார்.

நாங்கள் இருக்கிற இருப்பை என்ன சொல்ல! நங்கூரம் மூக்கில்தான் இருக்கிறது. ஓட்டம் திரும்பினால் படகு வால் சுற்றி எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கும். தினமும், பகலிலும் இரவிலும். ஆறு வருஷமாக அந்தச் சுற்றலோடு தூங்கி எழுந்ததில் எங்களுக்குப் படகு சுற்றுவது தெரியாமலே போய்விட்டது. வெயில் இடம் மாறினால் துணியை மாற்றிப் போடுவேன். பயா வலது ஜன்னலை விட்டு இடது ஜன்னலுக்கு வந்தால், ஊர் வந்துவிட்டது என்று சொல்வேன். படகு ஓட்டும்போது தண்ணீரை நிமிஷக் கணக்காகப் பார்க்கிற மனுஷர், நங்கூரம் போட்டுவிட்டால் அதை மறந்தே போகிறார். எங்களைப் பொறுத்தவரை வீடு அசையாது, ஊர்தான் அசையும். அந்த வீட்டுக் கூரையில் மீன்முள்ளை முறுக்கி வைத்துவிட்டு, பாதி நாள் டாலா வயல்களைப் பார்த்து இன்டர்நெட் கேட்டிருக்கிறோம்!

பாய் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. சிரித்து ஓய்ந்ததும் ஜன்னல் வழியே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்ளோ பெரிய ஆறு திரும்புது, ஒரு சத்தமில்லியேக்கா" என்றார் மெதுவாக. நானும் போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன். மிதந்துபோன ஒரு தேங்காய் மட்டை நின்றது, யோசித்தது, வந்த வழியே திரும்பியது. எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கே!

வாலிலும் ஒரு நங்கூரம் போட்டால் என்ன என்று கேட்டேன். ஓட்டத்தைப் பின்பக்கம் வாங்கினால் படகு தாங்காது என்றார் வீட்டுக்காரர். பாய் கொண்டுவந்திருந்த காளான் ஏரியலை வைத்துப்பார்த்தோம். எப்போதும் வந்தது, ஆனால் தம்பியின் விரல்கள் கரைந்து கூழாகத் தெரிந்தன. கடைசியில் மீன்முள்ளை ஒரு மூங்கிலில் கட்டி, மூங்கிலை ஓர் இரும்புக் குழாயில் நட்டார்கள். கையால் திருப்பிக்கொள்ளலாம். ஓட்டம் திரும்பும்போது யாராவது மேலே நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

"புதன்கிழமை எத்தனை மணிக்கு?" என்றார் வீட்டுக்காரர். நம்ம நேரம் ஒன்பதரை என்றேன். விரலை மடக்கிக் கணக்குப் போட்டவர் முகம் மாறியது. "சரியா அப்பத்தான் திரும்பும் புள்ள."

புதன்கிழமை ஒன்பதரைக்கு அவர் கூரையில் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் உள்ளே இடது ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். திரையில் தம்பி வந்தான். வலது கை சட்டைக்குள் இருந்தது. பக்கத்தில் டாக்டரம்மா.

சின்ன வயதில் அவன் காலில் கெளுத்தி முள் ஏறியதும், நான் கீறி எடுத்ததும் அவனுக்கு ஞாபகம் இருக்கும். அதைக் காட்டினேன். முள். கீறினேன். எடுத்தேன். கால் இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது. அதே மாதிரிதான் கையிலும். அவன் இடது கையால் காற்றைத் தள்ளினான். பொய் சொல்கிறாயாம். மறுபடி சொன்னேன். மறுபடி தள்ளினான். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, கோபமும் வந்துவிட்டது. "கழுதை, நான் உனக்குப் பொய் சொல்வேனாடா?" என்று அவனுக்குக் கேட்காத வாயால் கத்தினேன்.

அப்போதுதான் அவன் பார்வை என்னை விட்டு, என் முதுகுக்குப் பின்னால் போனது. வாய் திறந்தது. திரும்பிப் பார்த்தேன். டாலா வயல்கள் இருந்த ஜன்னலில் ஆறு வந்து, ஆற்றின் பின்னால் கப்பல் ஒன்று வந்து, அப்புறம் கட்டிடங்கள் ஒவ்வொன்றாக வந்து, நடுவில் சூலே பயா மெல்ல மிதந்து வந்துகொண்டிருந்தது. தலைக்கு மேலே மூங்கில் கிறீச்சென்று திரும்பிக்கொண்டே இருந்தது. படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

தம்பிக்கு எல்லாம் மறந்துவிட்டது. சட்டைக்குள்ளிருந்து வலது கையை எடுத்தான். உள்ளங்கையைக் கவிழ்த்து நீட்டினான். திருப்பினான். பாதி திரும்பியதும் முகம் சுருங்கியது. மணிக்கட்டு அதற்குமேல் வரவில்லை. மறுபடி முயன்றான். வரவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் என் கையை நீட்டினேன். பாதி திருப்பி நிறுத்தினேன். முள்ளை எடுப்பதைக் காட்டினேன். பிறகு முழுசாகத் திருப்பி மலர்த்தினேன். இதற்குத்தானடா, இந்த வார்த்தையை நீ சொல்லத்தான்.

ரொம்ப நேரம் அசையாமல் இருந்தான். படம் உறைந்துவிட்டதோ என்று பயந்துவிட்டேன். உறையவில்லை, கண் இமைத்தது. பிறகு அந்தக் கையை எடுத்து டாக்டரம்மாவின் மேஜைமேல் அவர் முன்னால் வைத்தான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரிக்கிறவரை இடது கையால் கொஞ்சமாகப் பேசினான். ஓட்டம் திரும்பினால் படம் உடைவதையும், கூரையில் மூங்கிலைத் திருப்புவதையும் அவனுக்குக் காட்டிச் சொன்னேன். கட்டுப் பிரித்த மறுநாள் காலை அவனே கூப்பிட்டான். நானும் வீட்டுக்காரரும் திரையில் தலையை முட்டிக்கொண்டு அவன் தையல் தழும்பைப் பார்த்தோம். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினான். நான் அழுதேன், வீட்டுக்காரர் மூக்கைச் சிந்தினார். இந்தக் கூத்தில் அவன் என்னவோ சொல்ல வருவதையே நாங்கள் கவனிக்கவில்லை.

தம்பி கையைத் தட்டி எங்களைப் பார்க்கவைத்தான். வலது உள்ளங்கையைக் கவிழ்த்து நீட்டினான். மணிக்கட்டு மெல்லத் திரும்பியது, பாதியைத் தாண்டியது, முழுசாக மலர்ந்தது. பிறகு விரலை மேலே காட்டி, எங்கள் கூரையைச் சுட்டி, சீக்கிரம் என்று உதறினான். அவன் பக்கத்தில் எங்கள் படம் உடைய ஆரம்பித்திருந்தது.

ஆற்றின் மேல் உட்கார்ந்திருந்த எங்களுக்குத் தெரியவில்லை. பினாங்கில் இருந்தவனுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்காரர் மூங்கிலைத் திருப்பக் கூரைக்கு ஓடினார். திரையில் என் தம்பி, தானே ஆற்றைத் திருப்பிவிட்ட மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.