கல்லறைக் கல்லுக்கு ஒரு வரி

சென்னைப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் இன்று நான் மயங்கி விழுந்துவிட்டதாக அரியலூர் உறவினர்கள் பேசிக்கொள்கிறார்களாம். தவறு. உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

அங்கே அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். பெயர், வயது, சிலவற்றில் வீட்டார் எழுதிய ஒரு வரி.

மறைந்த என் கணவரின் கல்லறைக் கல்லுக்கு நான் எழுதி வைத்திருப்பது பதினெட்டு வரி. நாளை பெரம்பலூரில் செதுக்கப்போகிறார்கள்.

கூட வந்த மருமகள் அதை அங்கேயே படித்துவிட்டுக் கேட்டாள்: "மாமா கல்லுல நீங்க படிச்ச கான்வென்ட் பேரு எதுக்கு அத்தை?"

"அவரு பொண்டாட்டி யாருன்னு தெரிய வேணாமா?"

"அதுக்குக் கீழ படுத்திருக்கறது மாமாதானே அத்தை."

அப்போதுதான் உட்கார்ந்தேன். அவரைப் பற்றி ஒரே ஒரு வரி யோசித்துப் பார்த்தேன். யோசித்த வரி எல்லாவற்றிலும் நானே இருந்தேன்.

அவரோடு பழகியவர்கள், நான் வராத ஒரு வரியை இன்றிரவுக்குள் இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள். பிழை இருந்தால் நானே திருத்திக்கொள்கிறேன்.