வேணி டீச்சர் கொடுத்த நோட்ஸ்

குன்னத்து வேணி டீச்சர் பத்தொன்பது வருடமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறார். பரிணாமப் பாடம் வந்தால் ஒரு உதாரணம் சொல்வார். ஆதிகாலத்தில் ஆண் வேட்டைக்குப் போனான், பெண் குகையிலேயே இருந்து பிள்ளைகளையும் நோயாளிகளையும் பார்த்துக்கொண்டாள். அதனால்தான் பணிவிடை இன்றைக்கும் பெண்ணுக்கு இயல்பாக வருகிறது. பாடப்புத்தகத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. எங்கோ கேட்டது. பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்களே என்று நோட்ஸிலும் சேர்த்துவிட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

இரண்டு வருடத்துக்கு முன் அப்பா இளையபெருமாளுக்குப் பக்கவாதம் வந்து வலது கை கால் விழுந்துவிட்டது. கல்யாணம் பண்ணிக்கொள்ளாத வேணிதான் கழுவி, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டுப் பள்ளிக்கு ஓடுகிறார். பகலில் பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள் எட்டிப் பார்ப்பார். துணி மாற்றும்போது குமட்டும். அப்போதெல்லாம், இயல்பாக வரவேண்டியது எனக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று வேணி தன்னையே திட்டிக்கொள்வார்.

இப்போது ஜெயங்கொண்டம் பக்கம் தலைமையாசிரியர் பதவி வந்திருக்கிறது. விடிவதற்குள் பஸ் ஏறியாக வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். பெரம்பலூரில் உரக்கடை வைத்திருக்கும் அண்ணன் செந்தில்குமாரை ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச்சொல்லிக் கேட்டார்: அப்பாவை உன் வீட்டில் வைத்துக்கொள், அண்ணி தலையில் கட்டாமல் நீயே பார்.

செந்தில்குமார் சுற்றி வளைத்தார். கடை, சீசன், முதுகுவலி எல்லாம் வந்தது. கடைசியில் மகள் சிந்து வேணியிடம் படித்தபோது எழுதிய நோட்டுக்கு வந்து சேர்ந்தார்.

"பொம்பளைக்கு இயல்பா வரும்னு நீதானே வேணி எழுதிப் போட்ட? எனக்குக் கிட்டப் போனாலே கொமட்டுது."

வேணிக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"எனக்கும் கொமட்டுதுண்ணே. ரெண்டு வருசமா. அந்த நோட்ஸு தப்பு. நான் பாட்டுக்கு அடிச்சுவிட்டது."

சொன்ன பிறகுதான் அப்பா கட்டிலில் விழித்துக் கிடப்பது தெரிந்தது. வேணிக்கு உடம்பெல்லாம் கூசியது. அம்மா எழுந்திருக்க முடியாமல் கிடந்த எட்டு மாதமும் தூக்கிக் கழுவியவர் அந்த மனிதர்தான். அதைக் கண்ணால் பார்த்தும் குகைக் கதையை எழுதியிருக்கிறோமே என்று நொந்துகொண்டார்.

அப்பா கோணிய வாயால் ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்தார்.

"ஒங்கம்மாளுக்குச் செய்யையில… எனக்குந்தான் கொமட்டுச்சு."

பிறகு விழாத இடது கையைத் தூக்கி நீட்டினார். வழக்கமாக நீட்டும் வேணியின் பக்கம் நீட்டவில்லை.

"செந்திலு… தூக்கு. வெளிக்குப் போவணும்."

வேணி எழுந்திருக்கவில்லை.