விமானக் காயிலுக்கு வைத்த பொட்டு

திண்டுக்கல்லைச் சுற்றி போர்வெல் மோட்டாரில் காயில் எரிந்தால், சேவுகம்பட்டியிலிருந்துகூட அப்பாவின் காயில் கட்டும் பட்டறையைத் தேடி வருவார்கள். அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். இன்று பெங்களூரில், மின்சாரத்தில் பறக்கப்போகும் விமானத்தின் மோட்டாருக்கு இன்சுலேஷன் பார்ப்பது என் வேலை. இதைச் சொல்லும்போது கொஞ்சம் தலைக்கனம் வரும். வரட்டும்.

மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. தரையில் தாங்கும் இன்சுலேஷன், அங்கே அதே வோல்டேஜில் பொறி விடும். சின்னக் கீறல் போதும். எங்கள் லேபில் சுற்றிய காயில்களில் கம்பியின் மேல் பூசிய எனாமல் கீறிக்கொண்டே இருந்தது.

"எங்கப்பா சுத்தினா கீறாது சார்" என்றேன்.

மேலாளர் சிரித்தார். "ஒரே தடவை. சரியா வரலேன்னா வெளியே ஆர்டர் கொடுத்திருவோம்."

அப்பா வேறு வேலை எடுக்காமல் சுற்றி, வார்னிஷ் போட்டு அனுப்பினார். ஒரு கீறல் இல்லை. ஓரத்தில் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். பட்டறையை விட்டுக் கிளம்பும் எந்த மோட்டாருக்கும் அது உண்டு. பிறந்ததிலிருந்து பார்த்த கண்ணுக்கு உறுத்தவே இல்லை. அப்படியே சோதனைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

காற்றை உறிஞ்சி வோல்டேஜை ஏற்றியதும் உள்ளே ஊதா வெளிச்சம் மினுங்கியது. பொட்டு இருந்த இடத்தில் மட்டும்.

போனில் அப்பாவிடம் சொன்னேன்.

"இம்புட்டு வருசமா வைக்கிறேன். கெணத்துக்குள்ள எந்த மோட்டாரும் மொனங்கலையே தாயி."

"இது கெணறு இல்லப்பா, ஆகாசம். ஈர வார்னிஷ்ல வெச்சு அதுவும் சேந்து காஞ்சிருச்சு."

"பொட்டப் பாத்தேல்ல? அம்புட்டுப் படிச்சும் அப்படியே உள்ள வெச்சிருக்க."



மற்ற இடமெல்லாம் அமைதியாக இருந்ததை மேலாளரிடம் காட்டி, இன்னொரு முறை கேட்டேன். திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "பொட்டு மட்டும் வேண்டாம்னு சொல்லுங்க" என்றார்.

இரண்டாவது காயில் துப்புரவாக வந்தது. பொட்டு அட்டைப்பெட்டியின் மேல் இருந்தது, உள்ளங்கை அகலத்துக்கு.

சோதனை முடிந்ததும் அழைத்தேன். "கடைசிவரைக்கும் உள்ள இருட்டுப்பா."

"இருட்டா இருந்தா நல்லதா?"

"நல்லதுப்பா."

"கரண்டு வேலைக்குப் படிச்சு, வெளிச்சம் வராம பாத்துக்கிறியாக்கும்" என்றார் அப்பா. பட்டறையில் யாரிடமோ அதையே திரும்பச் சொல்லிச் சிரிப்பது கேட்டது.