மூக்குக்கண்ணாடி போட்ட மீன்

எவால்ட் க்ரூம்பீகலுக்கு வயது ஐம்பத்தெட்டு, வலது கையில் மூன்று விரல். மீதி இரண்டை எங்கள் பட்டறையின் கடைசல் இயந்திரம் எப்போதோ தின்றுவிட்டது. ரஷ்யர்களிடம் பிடித்த பீரங்கிகளை ரஷ்ய டாங்கிகள் மேலேயே சுட வைப்பதுதான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டில், ஜெர்மனியில், எங்களுக்கு வேலை. பழையதைவிட இரண்டு மடங்கு வெடிமருந்துள்ள குண்டு நுழைகிற மாதிரி குழாயின் அடிவாயைக் குடைவார் எவால்ட். மூன்று தடவை அளப்பார். அளவு சரியென்றால் அதற்கு அடையாளமாக சாக்பீஸால் குழாயில் ஒரு மீன் வரைவார். மீன் இல்லாமல் எந்தப் பீரங்கியும் சோதனைத் திடலுக்குப் போகாது. அவர் மகனும் கிழக்குப் போர்முனையில் அப்படியொரு பீரங்கிக்குப் பின்னால்தான் நின்றான்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் ரொட்டி தின்னப் போனதும், அவர் இன்னும் அளக்காத குழாய் ஒன்றில், அவரிடம் தொழில் பழகிய நானே மீன் போட்டேன். அவரைப் போலவே மூக்குக்கண்ணாடி போட்ட மீன். வந்து பார்த்துச் சிரிப்பார் என்று நினைத்தேன். கிரேன்காரர்கள் முந்திக்கொண்டு அதை வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

"கழுதைப்பயலே! அந்தக் குழாய் வெடிச்சா நாசவேலைன்னு சொல்லுவாங்கடா."

முந்தின மாதம் ஒரு குழாயில் விரிசல் விழுந்ததற்காக, எங்களோடு வேலை பார்த்த கெர்பரைப் போலீஸ்காரர்கள் கூட்டிப்போனார்கள். அவன் கோட்டு அப்போதும் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

திடலுக்கு ஓடினோம். குண்டு ஏற்றியாகிவிட்டது. சோதனையை நடத்தும் ராணுவக் கேப்டன் குனிந்து மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதென்னய்யா கண்ணாடி?"

அந்தக் குழாயை அளக்கவில்லை என்று சொன்னால், மீன் போட்டது யார் என்ற கேள்வி வரும். எவால்ட் என் பக்கம் திரும்பவே இல்லை.

"வயசாயிடுச்சு சார். எனக்கே கண்ணு தெரியல, மீனுக்கு மட்டும் தெரியுமா?"

"திங்கக்கிழமை வந்து மத்த மீனையும் பாக்கறேன்."

"பாருங்க சார். இன்னிக்குச் சுடற கயித்தை நான் இழுக்கறேன். எல்லாரும் குழிக்குள்ள போங்க."

குழிக்குள் நான் காதைப் பொத்தவில்லை. பொத்தத் தோன்றவில்லை. மண் அதிர்ந்தது. புகை விலகியபோது குழாய் முழுசாக இருந்தது. எவால்ட் கயிற்றைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

பட்டறைக்கு வந்ததும், திங்கட்கிழமைக்குள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று, அங்கிருந்த மற்ற நான்கு குழாய்களின் மீன்களுக்கும் கண்ணாடி மாட்ட ஆரம்பித்தார். முதல் கண்ணாடியே கோணிப்போனது.

"நல்லா வரைவியே, நீ போடு," என்று சாக்பீஸை நீட்டினார்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.