ஆட்டம் முடிந்தது என்று யார் சொல்வது?

ஒற்றை மாட்டுவண்டியில் ஆரம்பித்தவன் நான். இன்றைக்கு மூன்று பஸ், ஒரு நெல் மில், தக்கலை ரோட்டோரம் இரண்டு கடைகள்... எல்லாம் நானே உண்டாக்கியவை. படிப்பு? இரண்டாம் வகுப்போடு சரி. “இவனா பஸ் விடப் போகிறான்?” என்று சிரித்தவர்கள் என் பஸ்ஸில்தான் நாகர்கோவிலுக்குப் போகிறார்கள். இது வாசகர்களுக்குத் தெரிந்த கதை. தெரியாத ஒன்று — போன சனிக்கிழமை ஒரு கூடைப்பந்து ஆட்டத்தையும் நான்தான் முடித்து வைத்தேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் எங்கள் தக்கலை வாலிபர்களுக்கும் இனயம் கடற்கரை வாலிபர்களுக்கும் போட்டி. போட்டி விழாவுக்கு நான் தலைவர். மாலை போட்டு, டைம் கீப்பர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

எனக்குப் பந்தைவிட விசில் மேல்தான் கண். டிரில் மாஸ்டர்தான் ரெஃப்ரி. ஆளைத் தள்ளினால் ஊதுகிறார். கோட்டைத் தாண்டினால் ஊதுகிறார். எல்லாவற்றுக்கும் ஒரே சத்தம்! அப்படியானால் நேரம் முடிந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் பாதியில் பந்து வெளியே போய் ஆட்டம் சற்று நின்றபோது அவரையே கேட்டேன்.

“விசில்தான் எனக்க வாயில முதலாளி, நேரம் எனக்க கையில இல்ல. டைம் கீப்பர் பள்ளிக்கூட மணிய அடிச்சா பாதி முடிஞ்சு.”

“அந்நேரம் பந்து ஆகாசத்துல நிண்ணா?”

“கையை விட்டுப் போன பந்து கூடையில விழுந்தா கணக்கு உண்டு. கையில இருந்தா இல்ல.”

எனக்கு ஆச்சரியம். ஆட்டம் முழுக்க அதிகாரம் செய்கிற மனிதருக்கு, அதை முடிக்க மட்டும் அதிகாரம் இல்லையா?

அவர் குரலைத் தாழ்த்தினார். “போன தடவை அடிபிடி ஆச்சு. இன்னைக்கும் ஆனா கூடைக் கம்பத்தையே பிடுங்கிருவேன்னு மேனேஜர் பறஞ்சாச்சு. அதோட இந்த ஊர்ல கூடைப்பந்து தீந்துச்சு.”

பள்ளிக்கூட மேனேஜர் எதிரே நாற்காலியில் இருந்தார். சிரிப்பே இல்லை.

இரண்டாம் பாதி. இனயம் ஒரு பாயின்ட் முன்னால். இன்னும் ஒரு நிமிஷம். அப்போது மணி அடித்தது — பள்ளிக்கூட மணி அல்ல, பக்கத்து மாதா கோவிலின் சாயங்கால செப மணி!

இனயத்துக்காரர் ஐந்து பேரும் நின்ற இடத்தில் நின்றுவிட்டார்கள். அவர்களுடைய கேப்டன் சூசை பந்தைக் கீழே வைத்து நெற்றியில் சிலுவை போட்டான். எங்கள் தேவதாஸ் அந்தப் பந்தை எடுத்தான்... கூடையில் போட்டுவிட்டான்.

“மணி அடிச்சாச்சு, ஆட்டம் முடிஞ்சு, நாங்க ஜெயிச்சாச்சு!” என்றது இனயம் கூட்டம்.

“அது கோவில் மணியாக்கும் மக்கா! பள்ளிக்கூட மணிய இன்னும் தொடவேயில்ல!” என்றது தக்கலை.

“செபத்துக்கு நிண்ணவனுக்க பந்தை எடுத்துப் போட்டியே, வெக்கமில்லியா?” என்றான் சூசை.

“நீ நிப்பேன்னு எனக்கு எப்பிடிடே தெரியும்? நாங்க வேற சபை, எங்களுக்கு இந்த மணி கிடையாது!” என்றான் தேவதாஸ்.

வேட்டிகள் மடிந்து ஏறின. மேனேஜர் எழுந்து கம்பத்தையே பார்த்தார்.

நான் யோசித்தேன். இந்த ஊரில் மணிக்கா பஞ்சம்? பள்ளிக்கூடத்துக்கு மணி, கோவிலுக்கு மணி, மாட்டுக் கழுத்தில்கூட மணி. ஆனால் எருமைபோலக் கத்துகிற ரப்பர் ஹார்ன்? என் பஸ்ஸில் மட்டும்தான்! இனயத்துக்காரரை ஏற்றி வந்த பஸ் கேட்டருகே நின்றது. டிரைவரைக் கூப்பிட்டு ஹார்னைக் கழற்றச் சொன்னேன்.

“இத கழத்தினா பஸ் எப்பிடி ஓட்டுவேன் முதலாளி?”

“வாயால கத்திட்டுப் போடே!”

தலைவர் என்ற முறையில் தீர்ப்புச் சொன்னேன். அந்தக் கூடை செல்லாது, பந்து சூசைக்கு, ஒரு நிமிஷம் திரும்ப ஆட வேண்டும், ஹார்ன் கேட்டால் முடிவு. டிரில் மாஸ்டர் தலையாட்டினார்.

சூசை மட்டும் முறைத்தான். “முதலாளியும் தக்கலை, ஹார்னும் தக்கலை. நல்ல ஞாயம்!”

“உனக்க ஆளு ஒருத்தன டைம் கீப்பர் வாட்ச்சுக்குப் பக்கத்துல நிறுத்துடே” என்றேன். நிறுத்தினான்.

ஆட்டம் தொடங்கியது. டைம் கீப்பர் கைக்குட்டையைக் கீழே போட்டால் நான் அமுக்க வேண்டும். கடைசி நொடியில் பந்து தேவதாஸ் கையில், கூடைக்கு நேர் கீழே. கைக்குட்டை விழுந்தது. நான் ஒரு கண் சிமிட்டும் நேரம் தாமதித்தால் போதும், எங்கள் ஊர் ஜெயிக்கும்.

அமுக்கினேன்.

ஹார்ன் அலறிய பிறகுதான் பந்து அவன் கையை விட்டது. கூடையிலும் விழுந்தது. டிரில் மாஸ்டர் இரண்டு கையையும் விரித்து ஆட்டினார் — கணக்கில்லை! சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டதால் தகராறுக்கு வழியே இல்லை. சூசை ஓடிவந்து ஹார்னைத் தானும் ஒரு தடவை அமுக்கிப் பார்த்துச் சிரித்தான். மேனேஜர் உட்கார்ந்தார். கம்பம் பிழைத்தது.

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் மட்டும் வந்து கேட்டார். “ஒரு நொடி பொறுத்தா ஒமக்கு என்ன ஓய் கொறஞ்சு போவும்?”

எதையும் தொடங்க ஆயிரம் பேர் உண்டு. முடிந்தது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. பொதுக்கூட்டங்களில் பேசுகிறவர்கள் பக்கத்திலும் ஒரு ஹார்ன் வைத்தால் என்ன?

இந்த வாரம் பள்ளிக்கூடத்தில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். இனிமேல் ஆட்டத்தின் பாதியும் முடிவும் ஹார்ன் ஊதியே அறிவிக்கப்படுமாம். ஏற்பாட்டுக்காக டிரில் மாஸ்டருக்கு நன்றியாம். இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். என் பெயர் இல்லை!

மேனேஜர் அவர்களே, தக்கலை தோற்றதற்கு ஊரே என் பெயரைத்தான் சொல்கிறது — நோட்டீஸிலும் அதே பெயரைப் போடுங்கள்!