இரண்டு சேர்வரும் ஒரு வான்கதவும்

"மிஸ், உங்கட பேஜ் பொய் சொல்லுது."

கதிரையில் நான் சரியாக உட்காரக்கூட இல்லை. மழை அங்கியிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. செட்டிபாளையத்திலிருந்து அலுவலகம் வந்த வழியெல்லாம் வாவித் தண்ணீர் வீதியோரம் வரை ஏறி நின்றதைப் பார்த்து, ஏற்கெனவே நெஞ்சு படபடத்துக்கொண்டிருந்தது. நான் பயந்த சுபாவக்காரி. அரச அலுவலகம் ஒன்றில் போர்டல் அட்மினாக இருந்த காலம் முழுக்கப் பயந்துகொண்டேதான் வேலை பார்த்தேன். சம்பளம் பிந்திய மாதங்கள் உண்டு, பயம் ஒரு நாளும் பிந்தவில்லை.

அலுவலகப் போனில் பேசியவர் சீனித்தம்பி. கரடியனாற்றுப் பக்கத்து வட்டை ஒன்றுக்கு வட்டவிதானை. வட்டை என்றால் வயல்வெளி. அதற்குத் தண்ணீர் பங்கிடுவது, வயல் செய்யும் கமக்காரரைக் கூட்டுவது, சண்டை தீர்ப்பது எல்லாம் வட்டவிதானையின் பொறுப்பு.

"என்ன ஐயா பொய்?" என்று கேட்டேன்.

"குளத்து வான்கதவு திறந்தாச்சு எண்டு மேல இருந்து கோல் வந்த. உங்கட பேஜில மூடி எண்டு கிடக்கு."

குளம் நிரம்பினால் மேலதிக நீரைத் தாழ்நிலங்கள் பக்கம் திறந்துவிடுவது வான்கதவு. என் திரையைப் பார்த்தேன். சிவப்பு எழுத்தில், 'வான்கதவு திறக்கப்பட்டுள்ளது, தாழ்நிலங்களில் இருப்போர் உடனே வெளியேறவும்' என்று தெளிவாக இருந்தது. காலையில்தான் நீர்ப்பாசனப் பொறியியலாளர் அதைப் பதிவேற்றியிருந்தார்.

"திறந்திரிக்கி எண்டுதானே போட்டிரிக்கி, ஐயா. நீங்க பழைய பேஜப் பாக்கிறீங்க. ரிஃப்ரெஷ் பண்ணிப் பாருங்க."

"எத்தின தரம் பண்ணுற? விரல் தேஞ்சு போச்சு. பச்சையிலதான் வருது. எனக்குப் பச்சை சிவப்புத் தெரியாதா, மிஸ்?"

எனக்கு எரிச்சல் வந்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டு, பக்கத்து மேசையில் இருந்த றிஸ்வானிடம் அவருடைய போனில் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். றிஸ்வான் எங்கள் நெட்வேர்க் பொறுப்பாளர், ஓட்டமாவடிக்காரர், எதற்கும் அவசரப்படாத மனிதர். அலுவலக வைஃபையில் இருந்த அவருடைய போனில் சிவப்பு. "பாத்தீங்களா" என்ற தோரணையில் என் கைப்பையிலிருந்து, வைஃபையில் இணைக்காத என் போனை எடுத்து நானும் திறந்தேன். பச்சை. 'வான்கதவு மூடப்பட்டுள்ளது.'

ஒரே முகவரி, ஒரே நேரம், இரண்டு போன்கள்.

எங்கள் போர்டல்

இளைய ஆட்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் சொல்லவேண்டும். போர்டல் என்பது வெறும் வெப்சைட் அல்ல. ஒரே பக்கத்தில் பல பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் தனித்தனி நிரல், அதைப் போர்ட்லெட் என்போம். எங்கள் முகப்பில் மழைவீழ்ச்சிக்கு ஒரு பெட்டி, கேள்வி அறிவித்தலுக்கு, அதாவது டெண்டருக்கு, ஒரு பெட்டி, வான்கதவுக்கு ஒரு பெட்டி. எல்லாவற்றுக்கும் மேலே, பக்கத்தின் பாதியை அடைத்துக்கொண்டு, திறப்பு விழாப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் ஸ்லைடர். நான் செய்த கஸ்டமைசேஷனில் பாதி அந்த ஸ்லைடருக்காகச் செய்ததுதான். யார் படம் முதலில், யார் முகம் வெட்டுப்படுகிறது, மாலை தெரிகிறதா என்பதற்காக நான் எழுதிய நிரலைச் சேர்த்து வைத்திருந்தால் இன்னொரு போர்டல் கட்டியிருக்கலாம்.

இந்தப் பக்கத்தை இரண்டு சேர்வர்கள் சேர்ந்து வழங்கின. வருகிறவர்களை முன்னால் நிற்கும் லோட் பலன்சர் பிரித்து அனுப்பும், ஒருவரை ஒன்றாம் சேர்வருக்கு, அடுத்தவரை இரண்டாம் சேர்வருக்கு. ஒருமுறை எங்கே அனுப்பியதோ, அந்த ஆளைத் தொடர்ந்து அங்கேயே அனுப்பும். ஒவ்வொரு சேர்வரும் பக்கத்தின் பிரதி ஒன்றைக் கேஷில் தயாராக வைத்திருக்கும். ஒன்றில் தகவல் மாறினால் அது மற்றதற்குச் சொல்லவேண்டும், "உன்னிடம் இருப்பது பழசு, எறிந்துவிடு" என்று.

அந்தச் சொல்லுதல் நின்றுபோயிருந்தது. அதற்கு முதல் நாள் இடி விழுந்து, சேர்வர்களை இணைக்கும் நெட்வேர்க் ஸ்விட்ச் எரிந்திருந்தது. கொழும்பிலிருந்து எங்கள் போர்டலைப் பராமரிக்கும் கம்பனி அனுப்பியிருந்த மேலதிக ஸ்விட்சை அவர்களுடைய அறிவுறுத்தல்படியே றிஸ்வான் மாட்டினார். எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தது. ஆனால் சேர்வர்கள் தங்களுக்குள் பேசும் வகைச் செய்தியை மட்டும் அந்த ஸ்விட்ச் கடத்தவில்லை. அலுவலகக் கணினிகளும் வைஃபையும் உள்முகவரி வழியாக ஒன்றாம் சேர்வருக்கே நேரடியாகப் போகும். அதனால் சீனித்தம்பி அழைக்கும்வரை கட்டடத்தில் இருந்த எவருக்கும் பிழை தெரியவில்லை. வெளியே இருந்தவர்களில் பாதிப் பேருக்கு வான்கதவு இன்னும் மூடியே இருந்தது.

யோகன்

"ஐயா, நீங்க சொன்னது சரி. பேஜ்தான் பிழை" என்றேன். "வட்டைக்குள்ள ஆராவது இரிக்காங்களா?"

"மறுகா எதுக்கு நான் கத்துறன்? என்ர மருமகன் யோகனும் இன்னும் பத்துப் பன்ரெண்டு பேரும் யானைக்காவலுக்கு வாடிக் குடிலுக்குள்ள கிடக்காங்க. வெளிக்கிடுங்கடா எண்டா கேக்கானுகள் இல்ல. பேஜில மூடி எண்டு கிடக்காம்."

"நீங்க சொன்னா நம்பமாட்டாங்களா?"

அவர் குரல் இறங்கியது. "போன மாரிக்கும் நான் இப்பிடித்தான் வெள்ளம் எண்டு கூட்டி வந்தன். வெள்ளம் வரல்ல. ராவையில யானை வந்து பயிரெல்லாத்தையும் மிதிச்சிட்டு. அதில இருந்து என்ர சொல்லுக்கு மதிப்பில்ல, புள்ள."

யோகனுடைய இலக்கத்தை வாங்கி நானே அழைத்தேன். மழை இரைச்சலுக்குள் அவன் குரல் விட்டுவிட்டு வந்தது. நான் யார், எங்கிருந்து பேசுகிறேன் என்று சொன்னேன். கதவு திறந்தாயிற்று, உடனே வெளியேறுங்கள் என்றேன்.

"மிஸ், குறை நினைக்காதிங்க" என்றான். "போன் எடுத்து ஒபிஸ் எண்டு ஆரும் சொல்லலாம். கரடியனாத்துக் கூட்டத்தில ஒபிஸில இருந்து ஒரு மிஸ் வந்து சொன்னவ. வாய்ப்பேச்சக் கேட்டு ஓடாதிங்க, பேஜப் பாருங்க, பேஜில வந்தா மட்டும் வெளிக்கிடுங்க எண்டு."

"அது நான்தான் தம்பி."

"அவவும் நீங்களோ, ஆர் கண்ட? பேஜில வரட்டும், வாறம்."

தொடர்பு அறுந்தது. திரும்ப அழைத்தேன், கிடைக்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் நான் சொன்னது சரியான சொல்தான். வதந்தியால் ஊர் அல்லோலகல்லோலப்பட்ட பிறகு மேலிடமே என்னைச் சொல்லச் சொன்னது. இன்றைக்கும் அதையே சொல்வேன். ஆனால் ஒரு மனிதன் என் சொல்லை அப்படியே மனதில் வைத்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீர் வரப்போகிற இடத்தில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

ஸ்லைடர்

இரண்டாம் சேர்வரின் கொன்சோலில் கேஷை அழிக்கும் பொத்தானை அழுத்தினேன். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மாவட்டத்தில் பாதிப் பேர் அந்த நேரத்தில் அதைத்தான் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், என் கட்டளையைக் கேட்க அதற்கு மூச்சில்லை.

"ரீஸ்டார்ட் பண்ணுவமா?" என்றார் றிஸ்வான்.

"எழும்பாட்டி?"

புதிய தீம் போட்ட பிறகு அதை ஒருமுறையும் ரீஸ்டார்ட் செய்ததில்லை. அதே தீமோடு பரிசோதனைக் கணினி ஒருமுறை விழுந்து, நாள் முழுக்க எழும்பவில்லை. இன்னொரு வழிதான் இருந்தது, இரண்டாம் சேர்வரை லோட் பலன்சரிலிருந்து கழற்றிவிடுவது. எல்லோரும் ஒன்றாம் சேர்வருக்கு வருவார்கள், எல்லோருக்கும் சிவப்புத் தெரியும். ஆனால் ஒன்றாம் சேர்வரின் மெமரியும் ஏற்கெனவே விளிம்பில் நின்றது. அத்தனை பேரையும் தாங்காமல் அதுவும் விழுந்தால், பச்சையும் இல்லை சிவப்பும் இல்லை, யாருக்கும் ஒன்றும் தெரியாது.

பாரத்தைக் குறைக்க வேண்டும். முகப்பில் பாரம் என்றால் ஸ்லைடர்தான். ஒவ்வொரு படமும் கமராவிலிருந்து வந்த முழு அளவில், ஒருவர் பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் சேர்வரே அதை வெட்டிச் சுருக்கிக் கொடுக்கும். அதையும் நான்தான் எழுதினேன், மாலை தெரியவேண்டும் என்றதற்காக.

பணிப்பாளரின் அறைக்கு ஓடி, ஸ்லைடரை எடுக்கவேண்டும் என்றேன். அவர் கெட்ட மனிதர் அல்ல, மேலிடத்துக்குப் பயந்தவர். அந்த வகையில் நாங்கள் இருவரும் ஒரே சாதி.

"கம்பனிக்குக் கோல் அடிச்சீங்களா?"

"அடிச்சன் சேர். சேஞ்ச் ரிக்குவெஸ்ட் ஃபோம் அனுப்பட்டாம், அனுப்பினன், பார்த்துச் சொல்லுறாங்களாம்."

"அப்ப பொறுங்கோவன் மிஸ். நேத்துத்தான் அந்த விழாப் படம் போட்டது. இண்டைக்கு மேலிடத்தில இருந்து பாப்பாங்க. படத்த எடுத்து, பேஜும் விழுந்தா என்ர கதை முடிஞ்சுது."

"சேர், வட்டைக்குள்ள ஆக்கள் இரிக்காங்க. பேஜில வந்தாத்தான் வெளிக்கிடுவாங்களாம்."

"கோல் எடுத்துச் சொல்லுங்கோ."

"சொன்னன் சேர். நம்புறாங்க இல்ல. நம்பவேணாம் எண்டு நாமதானே சொன்ன."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். வாவி மேலே மழை வெள்ளைத் திரை போட்ட மாதிரி நின்றது, அக்கரை தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார்.

"எடுங்கோ" என்றார். "ஆனா ஆரும் கேட்டா நீங்கதான் எடுத்த எண்டு சொல்லுவன்."

"சொல்லுங்க சேர்."

அந்த நேரத்தில் அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. ஓடிவந்து என் கதிரையில் விழுந்தேன். ஸ்லைடரை எடுத்தேன். அதோடு காணொளிப் பெட்டி, கலண்டர், பின்னணிப் படம், கையில் அகப்பட்டதையெல்லாம் எடுத்தேன். வெள்ளைப் பக்கத்தில் வான்கதவுப் பெட்டி ஒன்று மட்டும் மிஞ்சியது. நான் இவ்வளவு காலமாக அலங்கரித்த பக்கம் குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் நிற்கிற ஆள் மாதிரி இருந்தது. பிறகு றிஸ்வானைப் பார்த்தேன்.

"பிஸ்மில்லா" என்று சொல்லிவிட்டு அவர் இரண்டாம் சேர்வரைக் கழற்றினார்.

திரையில் ஒன்றாம் சேர்வரின் மெமரிக் கோடு மேலே ஏறியது. சிவப்பு எல்லையைத் தொட்டது. நான் திரையைப் பார்க்க முடியாமல் என் போனைப் பார்த்தேன். பக்கம் வெள்ளையாக நின்றது, நீண்ட நேரம் நின்றது. பிறகு சிவப்பு எழுத்துகள் வந்தன.

திரையில் கோடு இறங்கத் தொடங்கியிருந்தது. "நிண்டுட்டு மிஸ்" என்றார் றிஸ்வான். அவருக்கும் வியர்த்திருந்தது.

பிறகு

யோகனுடைய போன் அடிக்கவில்லை. சீனித்தம்பியின் போன் அடித்தது, அவர் எடுக்கவில்லை. தேநீர் வந்து ஆறிப்போனது. கம்பனியிலிருந்து ஒருவர் அழைத்து, ரிக்குவெஸ்டில் ஒரு கட்டம் நிரப்பப்படவில்லை என்றார். அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுதமுடியாது.

பின்னேரம் சீனித்தம்பியே அழைத்தார். பின்னால் ஆட்களின் சத்தமும் உழவு இயந்திரத்தின் இரைச்சலும் கேட்டன.

"வந்திட்டானுகள், புள்ள. வாடி போயிட்டு, பயிரும் தண்ணிக்குள்ள. ஆக்கள் எல்லாரும் வந்திட்டாங்க."

போன் கைமாறியது. "மிஸ்" என்றான் யோகன். "பேஜில வந்திச்சு. அதான் வெளிக்கிட்டம்." கொஞ்சம் நின்று, "படமொண்டும் இல்லாம டக்கெண்டு வந்திச்சு" என்றான்.

நான் கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அல்ல. வட்டவிதானை ஒருவருக்குக் கோபம் வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பில்.

ஸ்விட்சின் செட்டிங்கை றிஸ்வான் அடுத்த நாளே திருத்தினார். ஸ்லைடர் ஒரு வாரத்தில் திரும்ப வந்தது, இம்முறை சுருக்கிய படங்களோடு, வேறொரு பக்கத்தில். வான்கதவுப் பெட்டி முகப்பின் உச்சிக்குப் போனது. அதற்கு மட்டும் கேஷ் கிடையாது என்று நான் வைத்த விதியை யாரும் மாற்றவில்லை. மிக மலிவான போன் ஒன்றை வாங்கி, அலுவலக வைஃபையில் இணைக்காமல், எதிலும் லொகின் செய்யாமல், என் மேசையில் வைத்தேன். புதிதாக வேலைக்கு வருகிற அட்மின்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: உங்களுக்குத் தெரிகிற பக்கத்தை நம்பாதீர்கள். அது உங்களுக்காகத் தயாரித்த பக்கம். வெளியே மழையில் நிற்கிறவருக்கு என்ன தெரிகிறது என்று தினமும் பாருங்கள், பார்க்க முடியாவிட்டால் அவரிடமே கேளுங்கள்.

ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறேன். அந்தப் போனை அலுவலகத்தில் விட்டுவர மனம் வராமல், புதிய அட்மினுக்கு வேறொன்று வாங்கிக் கொடுத்துவிட்டு, இதைக் கொண்டுவந்துவிட்டேன். மாரி காலத்தில் விடிந்ததும் அதில் சீனித்தம்பியின் அழைப்பு வரும்.

"புள்ள, என்ர போன்ல மூடி எண்டு கிடக்கு. உங்கடதில?"

இப்போதும் பக்கத்தைத் திறக்கும்போது நெஞ்சு அடிக்கிறது. பக்கம் வருகிறவரை அவரும் பேசமாட்டார், நானும் பேசமாட்டேன்.

"மூடி எண்டுதான் ஐயா."

"அப்ப சரி" என்பார். "நான் அவனுகளுக்குச் சொல்லுறன்."